வாடகை டிரைலரின் வாலில் நான் ஏறிய காலை

ஒரு பொருளின் எடை எந்த இடத்தில் விழுகிறது, அதனால் அது எந்தப் பக்கம் சாயும் என்று கணக்குப் போடும் பாடம் ஒன்று பொறியியல் கல்லூரியில் முதலாண்டிலேயே உண்டு. அதில் நான் வாங்கியது தொண்ணூற்று நான்கு. இதை நான் வெளியே சொல்வதில்லை. குறிப்பாக, கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரில், எங்கள் தெருவில், சொல்லவே முடியாது. சொன்னால் மிச்சம் ஆறு மதிப்பெண் எங்கே போனது என்று அவர்களே விளக்குவார்கள். அவர்கள் நேரில் பார்த்தவர்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோயம்புத்தூரில் பம்புசெட் செய்யும் ஆலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடித்து எழுதுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊருக்குக் கிளம்புவதற்குக்கூடப் பட்டியல் போடுவேன். பட்டியலின் முதல் வரி 'பட்டியலை எடுத்துக்கொள்' என்று இருக்கும்.

அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தலுக்குக் கீழே முப்பது வருஷம் பாதி குனிந்தே நின்றதில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. வலது காலுக்கு மதுரையில் அறுவை சிகிச்சை முடிவாயிற்று. இனி குத்துக்கால் போட்டு உட்காரக் கூடாது, படி இறங்கக் கூடாது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்து அடிக்கு மேல் இப்போதைக்கு நடக்கக் கூடாது. எங்கள் கழிப்பறையோ கொல்லையில், ஐந்து படி இறங்கி, கிணற்றைச் சுற்றிப் போனால் வரும். அதுவும் குத்துக்கால் போடுவது. டாக்டர் வேண்டாம் என்ற அத்தனையும் ஒரே இடத்தில் இருந்தது.

ஆகவே, அப்பா திரும்பி வருவதற்குள் வீட்டுக்குள் இருக்கும் சாமான் அறையை வெஸ்டர்ன் கழிப்பறையாக மாற்ற வேண்டும். வாசல்படியை உடைத்துச் சரிவுப் பாதை போட வேண்டும். பதினான்கு நாள். இந்த வேலையைச் சித்தப்பா பார்க்கட்டும் என்று அம்மா சொன்னாள். சித்தப்பாவும் தயாராகவே இருந்தார். (ஊரில் எந்த வீட்டில் செங்கல் இறங்கினாலும் அவர் தயாராகிவிடுவார்.) நான்தான் பார்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்பா ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏறும்போது சொன்னார்:

"புள்ளயே பாக்கட்டும். நான் திரும்பி வாரப்ப வாசல் வரைக்கும் கார் வரணும், உள்ள போக வழி இருக்கணும். அது போதும்."

சித்தப்பா கார்க் கதவைச் சாத்தினார். அவர் கருத்து அந்தக் கதவில் மிகவும் சத்தமாகக் கேட்டது.

பதின்மூன்று நாள் வேலை என் பட்டியல்படியே நடந்தது. இதை நான் இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் வேறு எவரும் இதைச் சொல்வதில்லை. கழிப்பறை தயார். சுவரில் பிடித்து எழ இரும்புக் கம்பி தயார். சரிவுப் பாதை காய்ந்துவிட்டது. மிச்சம் இரண்டே வேலை. ஒன்று, வாசலுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்த இடிபாட்டை அகற்றுவது. அது கிடக்கும் வரை கார் வாசலுக்கு வராது. இரண்டு, கொல்லையில் இருந்த பழைய கழிப்பறையை இடிப்பது. அதை விட்டுவைத்தால் அப்பா, பழகிய இடம் என்று வாக்கரோடு அங்கேதான் போய் நிற்பார்.

இரண்டு வேலையையும் ஒரே நாளில், ஒரே டிரைலரில் முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. டிராக்டர் வைத்திருக்கும் செல்வம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ரப்பீஸ தெருவோரமாக் கொட்டி வைங்க பாப்பா. நான் ஆளோட வந்து அரை மணி நேரத்துல அள்ளிப் போட்டுட்டுப் போயிருவேன். எல்லாரும் அப்பிடித்தான் செய்றாக."

"அது ரெட்டை வேலை அண்ணே. ஒரு தடவை கீழ கொட்டி, மறுபடி மேல ஏத்தணும். காலைலயே டிரைலர மட்டும் கழட்டி வாசல்ல விட்டுட்டுப் போங்க. இடிக்க இடிக்க நேரா அதுல போட்டுருவோம். மறுநாள் விடிகாலை அஞ்சு மணிக்கு வந்து மாட்டிட்டுப் போயிருங்க."

"டிராக்டர் இல்லாம பொட்டிய மட்டுமா?"

"ஆமாண்ணே."

"அப்பிடி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." கொஞ்சம் யோசித்தார். "சரி, படிச்ச புள்ள சொல்லுது."

ஏன் ஐந்து மணி என்றால், எங்கள் தெரு ஒருபக்கம் அடைத்த தெரு. கோடியில் வாய்க்கால். அங்கேதான் இரண்டு ஜீப்புகள் நிற்கும். காலை ஐந்தரைக்கு எங்கள் தெருப் பெண்களும் பக்கத்துத் தெருப் பெண்களும் அவற்றில் ஏறிக் குமுளி தாண்டி ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போவார்கள். ஒரு ஜீப்புக்குப் பத்துப் பேர் என்பது கம்பெனிக்காரன் கணக்கு. எங்கள் ஊர்க் கணக்கு வேறு. டிரைலர் நின்றால் ஜீப் வெளியே போக முடியாது. இது எனக்குத் தெரியும். நாடாவைப் பிடித்துத் தெருவின் அகலத்தை அளந்து பட்டியலில் எழுதி, பக்கத்திலேயே 'டிரைலர் 5.00, ஜீப் 5.30' என்று கோடும் போட்டு வைத்திருந்தேன். இடிபாட்டின் கன அளவு, எடை, டிரைலர் தாங்கும் பாரம் எல்லாம் போட்டாயிற்று. எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். எங்கே ஏற்றலாம் என்பதை மட்டும் நான் போடவில்லை.

செல்வம் அண்ணன் டிரைலரைக் கழற்றி, அதன் மூக்கை (டிராக்டரில் மாட்டுகிற நீண்ட இரும்புச் சட்டம், பெயர் எனக்குத் தெரியும், ஆனால் தெருவில் மூக்குதான்) இரண்டு கருங்கல் மேல் வைத்துவிட்டுப் போனார். கொத்தனாரும் இரண்டு சித்தாள்களும் நாள் முழுக்க இடித்தார்கள், அள்ளினார்கள். சட்டியோடு ஏற வசதியாக டிரைலரின் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தோம். ஏறுகிற இடத்திலேயே கொட்டுவதுதானே மனித இயல்பு. வால் பக்கம் மலையாகக் குவிந்தது. முன்பக்கம் இரண்டு காலிச் சிமெண்டுச் சாக்கு மட்டும் கிடந்தது.

ஊரில் எல்லாரும் அப்படித்தான் வால் பக்கம் கொட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் டிரைலரின் மூக்கை டிராக்டர் பிடித்திருக்கிறது. என் டிரைலரின் மூக்கை இரண்டு கல் தாங்கிக்கொண்டிருந்தது. தாங்குகிறவர் வேறு, பிடிக்கிறவர் வேறு.

சாயங்காலம் பார்த்தபோது மூக்குக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி தெரிந்தது. தரக்கட்டுப்பாட்டுக்காரி அல்லவா, உடனே கவனித்தேன். நோட்டை எடுத்து 'மூக்கு லேசாக எழும்பியுள்ளது' என்று எழுதினேன். நோட்டை மூடினேன். போய்ச் சாப்பிட்டேன்.

அப்பாவை முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அவரும் அம்மாவும் தேனியில் அக்கா வீட்டில் தங்கிவிட்டு, வெயிலுக்கு முன்னால் சித்தப்பாவின் காரில் வருவதாக ஏற்பாடு.

விடிகாலை ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நோட்டோடு வாசலுக்கு வந்தேன். எல்லாவற்றுக்கும் டிக் போட்டாயிற்று, ஒன்றைத் தவிர. பழைய கழிப்பறையின் பீங்கானைக் கொத்தனார் சுவரோரமே விட்டுவிட்டுப் போயிருந்தார். பட்டியல் முடியாமல் இருப்பதை என்னால் சகிக்க முடியாது. அதைத் தூக்கி டிரைலரின் வாலில் வைத்தேன். அது உருண்டு விழுந்துவிடக் கூடாதே என்று, உள்ளே தள்ளி வைப்பதற்காக நானும் ஏறினேன்.

டிரைலர் உட்கார்ந்தது.

அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாள் முழுக்க நின்ற மாடு கடைசியில் பின்னங்காலை மடக்குவதுபோல, அவசரமே இல்லாமல் பின்பக்கமாக உட்கார்ந்தது. மூக்கு மேலே போயிற்று, போயிற்று, தெருவிளக்குக் கம்பத்துக்குப் பாதி உயரம் போய் நின்றது. பாதி இடிபாடு தெருவில் சரிந்தது. அதோடு நானும் சரிந்து, நடுத்தெருவில் செங்கல் குவியல்மேல், மடியில் பீங்கானோடு உட்கார்ந்திருந்தேன். அடி ஒன்றும் இல்லை. பீங்கானுக்கும் இல்லை.

சரியாக ஐந்து மணிக்குச் செல்வம் அண்ணன் டிராக்டரோடு வந்தார். (அந்த மாவட்டத்தில் சொன்ன நேரத்துக்கு வண்டி வந்த ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.) முகப்பு வெளிச்சத்தில் என்னைப் பார்த்தார். டிரைலரைப் பார்த்தார். வானத்தில் இருந்த மூக்கைப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"எப்பிடி பாப்பா?"

"நான் ஏறுனேண்ணே."

என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அப்போது நாற்பத்தேழு கிலோ.

"நீயா?"

மூக்கு கீழே வராமல் டிராக்டரில் மாட்ட முடியாது. கயிறு போட்டு இழுத்தால் அச்சு முறியும் என்றார். ஜேசிபி வர எட்டு மணியாகும் என்றார். கையால் அள்ளி இறக்கினால் எப்படியும் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் கைப்பேசி அடித்தது. அம்மா.

"வீரபாண்டி தாண்டிட்டோம்டி. அப்பா காலு நீட்டி முன்சீட்ல இருக்காக. அங்கன எல்லாம் ரெடிதான?"

"ரெடிம்மா."

"என்ன ஒரே சத்தமா இருக்கு?"

"வேலை நடக்குதும்மா."

"இந்நேரத்துலயா? எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு சொன்ன?"

"கடைசி வேலை."

பொய் இல்லை. கடைசி வேலைதான்.

ஐந்தரைக்குத் தெருக்கோடியிலிருந்து இரண்டு ஜீப்பும் உறுமிக்கொண்டு வந்து, டிரைலருக்கு அந்தப் பக்கம் நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் தலையில் துண்டு கட்டிய முகங்கள் எட்டிப் பார்த்தன. முதல் ஜீப்பின் ஓட்டுநர் இறங்கிவந்து இடுப்பில் கைவைத்து நின்றார். பாதி நாள் கேரளத்தில் கழிப்பவர்.

"எந்தா இது? எட்டு மணிக்குள்ள போகலைன்னா தோட்டத்துல ஆளத் திருப்பி அனுப்பிருவாக. இருவத்தெட்டுப் பேரோட பொழப்பு."

அதுவரை என் மானம்தான் என் கவலையாக இருந்தது. இப்போது இருபத்தெட்டுப் பேரின் ஒருநாள் வேலை இந்தப் பக்கம், பத்து அடிக்கு மேல் நடக்க முடியாத அப்பா அந்தப் பக்கம். நடுவில் என் டிரைலர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

முதல் ஜீப்பிலிருந்து பேச்சியம்மா அத்தை இறங்கி வந்தாள். எங்கள் வீட்டுக்கு நான்காவது வீடு. அப்பாவை அண்ணே என்பாள். எந்த ஜீப்பில் யார் எங்கே உட்காருவது என்று தினமும் தீர்மானிப்பவள் அவள்தான்.

"ஏத்தா, நீயா இப்பிடிச் செஞ்ச?"

"பாரம் அச்சுக்குப் பின்னால விழுந்திருச்சு அத்தை. முன்பக்கத்துல எதிர் எடை இல்லாததுனால..."

"அதெல்லாம் இருக்கட்டும். இப்ப அந்த மூக்கு கீழ வரணும். அம்புட்டுத்தான?"

"ஆமா அத்தை."

அத்தை திரும்பினாள். "ஏடி, எறங்குங்க எல்லாரும். முன்னாடி ஏறி ஒக்காரணும்."

செல்வம் அண்ணன் தலையாட்டினார். எனக்கும் புரிந்தது. அவசரமாக நோட்டைத் திறந்து, சராசரி ஆள் எடை, அச்சிலிருந்து தூரம், மிச்சமிருக்கும் பாரம் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"எட்டுப் பேர் வேணும் அத்தை."

"நீ போட்டுக்கிட்டு இரு. நாங்க ஏறுறோம்."

சரிந்து கிடந்த இடிபாட்டின் மேல் கால்வைத்து, டிரைலரின் பக்கப் பலகையைப் பிடித்து, ஒவ்வொருத்தியாக மேலே ஏறினார்கள். தினமும் மலைச்சரிவில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது ஒரு ஏற்றமே இல்லை. யார் முதலில் போவது என்பதில்தான் தகராறு.

"மாரி, நீ மொதல்ல போ. நீ ஒருத்தி ஒக்காந்தாலே மூக்கு தரையத் தொட்டுரும்."

"இவ பெரிய பஞ்சு மூட்ட. போன வாரம் ஜீப்புல எம் மடியில ஒக்காந்தவ, இன்னும் எந்திரிச்சபாடில்ல."

"பேசாம ஏறுங்கடி, சோத்துச் சட்டியவும் தூக்கிக்கிட்டு ஏறுங்க. அதுவும் வெயிட்டுதான்."

எட்டாவது ஆள் ஏறினாள். டிரைலர் அசையவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டைப் பார்த்தேன். ஒன்பது. பத்தாவது ஆள் ஏறியதும் எங்கேயோ ஒரு முனகல். பதினோராவதாகப் பேச்சியம்மா அத்தையே ஏறி, முன்பலகை மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். மூக்கு மெதுவாக, பெரிய மனிதர் தலைகுனிவதுபோலக் கீழே இறங்கி வந்தது. செல்வம் அண்ணன் அதைப் பிடித்து டிராக்டரில் வைத்து முளையைச் சொருகினார்.

"யாரும் எறங்காதீக. எறங்குனா டிராக்டரோட பின்பக்கத்தத் தூக்கிரும். மெயின் ரோட்டுக்குப் போயி பாரத்தச் சமமாக்கிட்டு எறங்கலாம்."

மிச்சம் இருந்த பெண்கள், தெருவில் சரிந்ததைக் காலாலும் கையாலும் ஓரம் தள்ளினார்கள். ஜீப் தாண்டிப் போக அது போதும். நான் டிரைலருக்குப் பின்னால் நின்று, பின்கதவைச் சாத்தப் போனேன்.

"ஏத்தா, நீ வால் பக்கம் போகாத." அத்தை மேலேயிருந்து கத்தினாள். "இங்கன வா. முன்னாடி வந்து ஒக்காரு."

பதினோரு பேருக்கு நடுவில் என்னையும் இழுத்துப் போட்டார்கள். கைப்பேசி அடித்தது.

"கம்பம் தாண்டி வெகுநேரமாச்சு. இந்தா வந்துட்டோம்டி, தெரு தெரியுது."

டிராக்டர் கிளம்பியது. தெருமுனையில் சித்தப்பாவின் கார் திரும்பிக்கொண்டிருந்தது. டிராக்டரைப் பார்த்து நின்றது. பிறகு, வேறு வழியில்லாமல், பின்னால் போய் ஓரம் கட்டியது. ஆக, அப்பா வீடு திரும்பியபோது பார்த்த முதல் காட்சி இதுதான்: இடிபாட்டு டிரைலர் ஒன்று, அதன் முன்பக்கத்தில் சோற்றுப் பாத்திரங்களோடு பதினோரு பெண்கள், அவர்கள் நடுவில் நைட்டியும் துண்டுமாக, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவருடைய பொறியாளர் மகள். பின்னாலேயே, ஊர்வலம்போல, இரண்டு ஜீப்.

எங்கள் டிரைலர் காரின் அருகே வந்தபோது அத்தை குனிந்து சொன்னாள்: "வாங்கண்ணே. காலு எப்பிடி இருக்கு? ஒங்க மக எங்களையும் சேத்து அள்ளிட்டுப் போறா."

சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "இதுக்குத்தான் நான்..." என்று ஆரம்பித்தார்.

அப்பா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். தையல் இழுத்து வலித்ததோ என்னவோ, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, 'ஏ ஆத்தா, ஏ ஆத்தா' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மெயின் ரோட்டில் அந்தப் பெண்கள் இறங்குமுன் ஒரு காரியம் செய்தார்கள். வரிசையாக நின்று வால் பக்கத்துக் குப்பையைக் கைமாற்றிக் கைமாற்றி முன்னால் தள்ளினார்கள். பத்தே நிமிஷம். நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். எட்டு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது தோட்டத்து வாசலில் நுழைந்தார்களாம்.

நான் வீட்டுக்குத் திரும்பி ஓடியபோது கார் வாசலில் நின்றது. அப்பா வாக்கரோடு சரிவுப் பாதையில் ஏறி, உள்ளே போய், புதிய கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா, சித்தப்பா, நான் மூவரும் வெளியே நின்றோம். என் வாழ்க்கையில் எந்தத் தேர்வு முடிவுக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. வெளியே வந்தவர் கம்பியை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"சரியான எடத்துல வச்சிருக்க," என்றார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். அப்பாவின் கால்தான் முடியவிடவில்லை. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன்: எத்தனை அடி, எந்த நேரம், எந்தக் கால் முதலில். அப்பா அதைப் பாராட்டிவிட்டுக் கட்டிலிலேயே இருந்தார். வலிக்கும் என்ற பயம். அம்மா கெஞ்சினாள், சித்தப்பா அதட்டினார். அசையவில்லை.

நான்காம் நாள் காலை ஐந்தரைக்கு ஜீப் எங்கள் வாசலில் வேகம் குறைத்தது. உள்ளேயிருந்து பேச்சியம்மா அத்தையின் குரல்: "அண்ணே, இன்னிக்கு அள்ள எதுவும் பாரம் இருக்கா?" ஜீப் முழுக்கச் சிரிப்பு. கட்டிலில் இருந்த அப்பாவுக்குப் பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. எழுந்து வாசலுக்குப் போவதற்குள் ஜீப் போய்விட்டது. மறுநாள் ஐந்தேகாலுக்கே வாக்கரோடு வாசலில் போய் நின்றார், பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு. அதற்கு மறுநாள் அவர்கள் வேறு ஒன்று சொன்னார்கள். அதற்குப் பதில் சொல்லச் சரிவுப் பாதை இறங்கித் தெரு வரை போக வேண்டியிருந்தது. அப்புறம் தெருவிளக்கு வரை. என்னைக் கேலி செய்வதற்காகவே என் அப்பா நடக்கப் பழகினார். அட்டவணையை அம்மா கழற்றி, பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதிக்கொண்டாள்.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். விடிகிற நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், தெருமுனையில் ஜீப் நிற்கிறது. அதன் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு அப்பா நின்று பேசிக்கொண்டிருக்கிறார். வாக்கர் இல்லை, கம்பு இல்லை. என்னைப் பார்த்ததும் பேச்சியம்மா அத்தை உள்ளே திரும்பிச் சொன்னாள்:

"ஏடி, எஞ்சினியரம்மா வாரா. எல்லாரும் முன்னால நகருங்க."

பதினான்கு பெண்களும் ஒரே நேரத்தில் முன்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஓட்டுநர்கூடக் கொஞ்சம் நகர்ந்தார். ஜீப் கிளம்பிப் போன பிறகும் அவர்கள் சிரிப்பு தெருவில் கேட்டது.

அப்பா என் தோளிலிருந்த பையை வாங்கினார். நல்ல கனம். வேண்டாம்ப்பா என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவர் அதை மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் இரண்டு அடி பின்னால், அவர் நடையையே பார்த்துக்கொண்டு, மெதுவாக வந்தேன்.